அந்த நூற்று இருபத்தெட்டு

கவின் சாமி,

இந்தக் கடிதத்தை உன் ஆஸ்பத்திரி ஃபைலின் கடைசி உறைக்குள், அந்த இசிஜி தாளுக்குப் பின்னால் வைக்கப்போகிறேன். பதினெட்டு வயதானதும் அந்த ஃபைல் உன் கைக்கு வந்துவிடும். அப்புறம் குழந்தைகள் டாக்டரை விட்டுப் பெரியவர்கள் டாக்டரிடம் நீயே தனியாகப் போய் உட்காருவாய். இன்றைக்கு உனக்கு எட்டு வயது. தொடையில் ஒட்டியிருந்த கட்டை எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது, நேற்றே சைக்கிள் சாவியைக் கேட்டாய். வளர்ந்துவிட்ட ஒரு ஆளுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எட்டு வயதுக்காரனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ தமிழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாய், அப்போதும் அப்படித்தான் வாசிப்பாயோ என்னவோ. பரவாயில்லை, மெதுவாக வாசி. நம் குடியிருப்பில் இருக்கும் தமிழ் அம்மாக்களுக்கும் இதில் ஒரு பிரதி கொடுக்கலாம் என்றிருக்கிறேன். குழந்தை 'உள்ளே ஓடுது' என்று சொன்னால் என்ன செய்வது என்று அவர்களில் ஒருத்திக்காவது தெரிந்திருக்கட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பெண்மணியின் மேல் பொறாமைப்பட்டேன். பொறாமை என்று அப்போது அதற்குப் பேர் வைக்கவில்லை. அக்கறை, பாதுகாப்பு, பெற்றவளின் உரிமை என்று என்னென்னவோ பேர் வைத்திருந்தேன். அந்தப் பெண்மணியை உனக்கு நன்றாகவே தெரியும். சுனந்தா மாவ்ஷி. நாம் கோயமுத்தூரிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து ராவேத்தில் வீடு எடுத்தபோது உனக்கு ஒரு வயது. அப்பாவுக்குச் சாகணில் ஃபேக்டரி, எனக்கு ஹிஞ்சவடியில் ஆபீஸ். தேஹு ரோட்டில் தன் வீட்டு முன்னறையிலேயே மாவ்ஷி நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் உன்னை விட்டோம். அவர் கணவர் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூலையில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் கூப்பிடும். என் பிள்ளைக்குச் சித்தியாக, என்னோடு பிறக்காத ஒரு தங்கச்சி எங்கிருந்து வந்தாள் என்று முதல் வாரமே எனக்கு உறுத்தியது. அறுபது வயதுத் தங்கச்சி.

எனக்கும் மாவ்ஷிக்கும் இந்திதான் பொது. அதைத் தமிழிலேயே எழுதுகிறேன், மகளே என்று அவர் கூப்பிடும் 'பேட்டா'வை மட்டும் அப்படியே விடுகிறேன். நான் பருப்பு சாதம் பிசைந்து கொடுத்தால் துப்புவாய், அங்கே வரண்-பாத் என்று இரண்டு தட்டு சாப்பிட்டு வருவாய். "ரெண்டும் ஒண்ணுதான்டா, அதுவும் பருப்பும் சோறுந்தான்" என்று உன்னிடம் நான் வாதாடியிருக்கிறேன், மூன்று வயதுப் பிள்ளையிடம். "மாவ்ஷி மாதிரி இல்ல" என்றாய். அன்றைக்கு மாவ்ஷியிடம் போய் அதில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். "நெய்யும் பெருங்காயமும்தான் பேட்டா, வேற என்ன போடப்போறேன்?" என்று சிரித்தார். நானும் அதைத்தான் போட்டேன்.

உனக்கு நாலரை வயதில் முதல் தடவை வந்தது. தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "அம்மா, உள்ளே ஓடுது" என்றாய். கையை வைத்துப் பார்த்தேன். எண்ண முடியாத வேகம், உள்ளங்கைக்குக் கீழே பறவை சிக்கிய மாதிரி. நான் அலறினேன். அப்பா வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிட்டது. இசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. மறுமாதம் இன்னொரு தடவை வந்தது, அதுவும் நாம் கிளம்புவதற்குள் போய்விட்டது. ஒரு நாள் முழுக்க உடம்பில் ஒட்டிவிட்டு அனுப்பும் கருவியைப் போட்டார்கள். அன்றைக்கு வரவில்லை. அங்கிருந்த டாக்டர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "அம்மாவுக்குக் கொஞ்சம் பதற்றம் ஜாஸ்தியோ?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம், "ஆமாங்க" என்றார். எனக்கே படபடப்பு உண்டு என்பதால் நானும் பாதி நம்பிவிட்டேன். என்னைப் பார்த்துப் பிள்ளை பழகிக்கொண்டானோ என்று.

மூன்றாவதாக நாம் பார்த்த டாக்டர்தான் இன்றைக்கும் உன்னைப் பார்க்கிறவர். குழந்தைகளின் இதயத் துடிப்பை மட்டுமே பார்க்கிறவர். நிதானமாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் துடிப்பு சரியா இருக்கும்போது எடுத்த படம். இதுல ஒண்ணும் தெரியாது. ஓடும்போது எடுத்த படம் வேணும். அந்த நேரத்துல யார் கூட இருக்காங்களோ அவங்க, பக்கத்துல எங்க இசிஜி மெஷின் இருக்கோ அங்க உடனே கொண்டுபோகட்டும். வெளுத்துப்போனாலோ மயங்கினாலோ நேரா எமர்ஜென்சி. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். எவ்வளவு தெளிவான வார்த்தை. அதை மாவ்ஷியிடம் போய் நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? "ஏதாச்சும்னா முதல்ல எனக்கு போன் பண்ணுங்க" என்று சொன்னேன். டாக்டர் சொன்னதை என் வாயாலேயே மாற்றினேன், கண்ணு. உனக்கு ஓடும்போது நான் இல்லாமல் வேறொருத்தி உன்னைத் தூக்கிக்கொண்டு போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரமே அங்கே உனக்கு வந்தது. மாவ்ஷி நான் சொன்னபடியே எனக்கு போன் பண்ணினார். நான் நெரிசலில் நீந்தி வந்து சேர நாற்பது நிமிடம். நீ கேரம் ஆடிக்கொண்டிருந்தாய்.

அப்புறம்தான் அந்த வாட்ச் வாங்கினேன். குழந்தைகள் கட்டும் நீல நிற வாட்ச், துடிப்பை எண்ணி என் போனுக்கு அனுப்பும். அது அவ்வளவு துல்லியம் இல்லை, குழந்தைகளின் வேகத்தை அது பிடிக்காமல் போகலாம் என்று டாக்டர் சொன்னார். கேட்டேனா? ஆபீஸில் ஒரு திரையில் வேலை, இன்னொன்றில் நீ. நூறைத் தாண்டினால் போன் பண்ணுவேன். "அவன் ஓடிப் பிடிச்சு விளையாடுறான் பேட்டா" என்பார் மாவ்ஷி. "உக்காரச் சொல்லுங்க" என்பேன். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. பத்து நாளில் உன் எண் இறங்கிவிட்டது. எழுபது, எழுபத்திரண்டு, மதியம் தூங்கும்போது அறுபத்தைந்து. எனக்கு ஒரே நிம்மதி. "பாருங்க, எப்படிக் குறைஞ்சுருச்சு" என்று அப்பாவிடம் காட்டினேன். "நல்லதும்மா. இனி உன் எண்ணைக் கொஞ்சம் குறை" என்றார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ரொம்பக் குறைவு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். துடிப்பைப் பற்றிப் பயந்து பயந்து தேடிப் படித்தவள்தான், பயப்படாதபோது படிக்கவில்லை.

பிறகு அந்தப் புதன்கிழமை. மீட்டிங்கில் இருக்கிறேன். போனில் நூற்று இருபத்தெட்டு. மாவ்ஷிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டேன். வெயிலில் ஓட விட்டிருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மீட்டிங்கில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து ஒரு கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நீ மாவ்ஷியின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாய். உன் வாட்ச் உன் பைக்குள் இருந்தது, இசிஜிக்காகக் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். படம் எடுத்தபின் அங்கிருந்த டாக்டர் உன்னைப் படுக்க வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்து, உள்ளே இருக்கும் தண்டு நகருகிற அளவுக்கு ஊதச் சொல்லியிருக்கிறார். ஊதி முடித்ததும் சட்டென்று நின்றுவிட்டதாம். மாவ்ஷி அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நிமிடத்துக்கு இருநூற்று முப்பது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாகக் கோடுகள். அவ்வளவு நாளாக நாங்கள் துரத்தித் துரத்தியும் பிடிக்க முடியாத படம்.

நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அந்தத் தாளின் மேல் மூலையில், கூட வந்தவர் பெயர் என்ற இடத்தில் சுனந்தா என்றும், உறவு என்ற இடத்தில் அம்மா என்றும் எழுதியிருந்தது. என் கண் அங்கேதான் போனது.

"என்னை ஏன் முதல்ல கூப்பிடல?"

"கூப்பிட்டிருந்தா இது கிடைச்சிருக்குமா பேட்டா? கவினோட அப்பா காலைல விட வரும்போது சொன்னார், பக்கத்துல எங்க மெஷின் இருக்கோ அங்க ஓடுங்கன்னு டாக்டர் சொன்னாராம். ஓடினேன்."

"அம்மான்னு எழுதியிருக்கே."

"கவுண்டர்ல அந்தப் பொண்ணு, நீங்க யாரு, சொந்தமா, சம்மதம் இருக்கான்னு கேள்வியா கேட்டா. அதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருந்தா நின்னுபோயிடும். அம்மான்னேன். என் நரையைப் பாத்துட்டு அவளும் எழுதிட்டா."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "பெத்தது நானா நீங்களா?" என்று கேட்டேன். நீ பிஸ்கட்டை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தாய். அடுத்த திங்கட்கிழமை உன்னை வேறு காப்பகத்தில் சேர்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று அப்பாவிடம் காரணம் சொன்னேன். மாவ்ஷியின் எண்ணைப் போனிலிருந்து அழித்தேன். நீ இரண்டு வாரம் அவரைக் கேட்டாய். அப்புறம் கேட்கவில்லை. மறந்துவிட்டாய் என்று எனக்கு ஒரு சந்தோஷம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தாளை வைத்துத்தான் டாக்டர் உன் நோயைச் சொன்னார். அதன் பின்பக்கத்திலேயே படம் போட்டுக் காட்டினார், இப்போதும் இருக்கிறது பார். இதயத்தின் மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்கு மின்சாரம் இறங்க ஒரே ஒரு ரோடுதான் உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே இன்னொரு சின்ன ரோடும் சேர்ந்து வந்துவிடுகிறது. "உங்க தேஹு ரோடு பைபாஸ் மாதிரின்னு வெச்சுக்கங்க" என்றார். பெரும்பாலும் சும்மா கிடக்கும். என்றைக்காவது மின்சாரம் ஒரு வழியாகக் கீழே இறங்கி, மற்ற வழியாக மேலே ஏறி, மறுபடி இறங்கி, வட்டம் போட ஆரம்பித்துவிட்டால் இதயம் அதன் பின்னாலேயே ஓடும். மூச்சை அடக்கி ஊதினால், முகத்தில் ஐஸ் துணி வைத்தால், ஒரு நரம்பு தூண்டப்பட்டு அந்த வட்டத்தை அறுத்துவிடும். அதற்கும் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் ஊசி உண்டு. யார் செய்த தப்பும் இல்லை, அம்மாவின் பதற்றத்தால் வருவதும் இல்லை. அதை அவர் சொன்னபோது நான் அழுதேன். நீ உடனே என் முகத்தைப் பார்த்தாய். நீ பார்த்ததை நான் கவனிக்கவில்லை.

மூன்று வருடம் மாத்திரை. காலையும் மாலையும், வயிற்றில் ஏதாவது இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். வாந்தியோ பட்டினியோ என்றால் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். இதில் நான் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட வரவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். என் கையால் ஆனது, வேறு யாராலும் இல்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. இந்த வருடம் உன் பள்ளிப் பையைத் துவைக்கப் போட்டபோது பென்சில் பெட்டிக்குள் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு கிடைத்தது. உன் டீச்சரிடம் கேட்டேன். "அடிக்கடி பாத்ரூம் போறான், கொஞ்ச நேரம் கழிச்சு வரான். நாங்க வயித்துக் கோளாறுன்னு நினைச்சோம்" என்றார். பாத்ரூம் தரையில் படுத்துக்கொண்டு ஊதியிருக்கிறாய், தனியாக. எத்தனை தடவை என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாய். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ அழுவே" என்றாய். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, மழை வரும் என்கிற மாதிரிச் சொன்னாய்.

மாத்திரையையும் மீறி வருகிறது, எடையும் போதுமான அளவு வந்துவிட்டது, இனி அந்த உபரி ரோட்டையே மூடிவிடலாம் என்றார் டாக்டர். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை அனுப்பி, அந்த வழி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, சுட்டோ உறைய வைத்தோ அடைக்கிற சிகிச்சை. எல்லாம் விளக்கிவிட்டு உன்னிடம் திரும்பி, "தூங்குற வரைக்கும் ஒருத்தர் உன்கூட உள்ளே வரலாம். யார் வரட்டும்?" என்று கேட்டார். நான் கைப்பையை மூடித் தயாரானேன். நீ அப்பாவைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மேஜையைப் பார்த்தாய். "சுனந்தா மாவ்ஷி" என்றாய்.

"அது யாரு?" என்று டாக்டர் கேட்டார். நான் மூடிய கைப்பையை மறுபடி திறந்தேன்.

காரில் கேட்டேன். குரலை எவ்வளவோ அடக்கித்தான் கேட்டேன். "ஏன் சாமி மாவ்ஷி?"

"அவங்க பயப்பட மாட்டாங்க. அன்னிக்கு ஆட்டோல 'ஒண்ணு, ரெண்டு'ன்னு கடை போர்டு எண்ணிட்டே வந்தாங்க. நானும் எண்ணினேன்."

"அம்மா பயப்படுவேனா?"

"நீ எப்பவும் வாட்ச் பாத்துட்டே இருப்பே." பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தாய். "அம்மா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே? அந்த வாட்ச் கொஞ்ச நாளுக்கு அப்புறம் அங்க நான் கட்டவே இல்ல. நான் ஓடினா நீ போன் பண்ணுவே, கழட்டினாலும் போன் பண்ணுவே. அதான் மாவ்ஷி கையில கட்டிட்டேன். நீ வர்ற டைம்ல வாங்கிக் கட்டிக்குவேன்."

அப்பா சிரித்துவிட்டார். வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். "மூணு மாசம் அந்தம்மா மதியத் தூக்கத்தையா பாத்துட்டு இருந்தே?" நானும் சிரித்திருக்கலாம். எனக்கு அந்தப் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து பழைய பதிவுகளைத் தேடினேன், இருந்தது. மதியம் முழுக்கச் சமமான கோடு, திடீரென்று ஒரு ஏற்றம், உச்சியில் நூற்று இருபத்தெட்டு. உன் இதயம் இருநூற்று முப்பது போய்க்கொண்டிருந்த அதே நிமிடங்கள். வாட்ச் பிடிக்காமல் விட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவரின் துடிப்பு அது. கிளினிக்கில் படம் எடுத்த நேரத்தைப் பார்த்தேன். அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும், அப்போதும் நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம், பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன். நானும் அன்றைக்கு என் வாட்ச் கட்டியிருந்தேன். மீட்டிங்கில் இருந்த என் துடிப்பு எழுபத்தாறு.

சாமி, இதுவரைக்கும் நான் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. வரண்-பாத்துக்குப் பட்டேன், தாளில் எழுதிய 'அம்மா'வுக்குப் பட்டேன். அந்த நூற்று இருபத்தெட்டுக்குப் பட்டதுதான் பொறாமை. அது என்னுடையதாக இருந்திருக்க வேண்டிய எண். அதோடு இன்னொன்றும் புரிந்தது. மாவ்ஷி பயப்பட மாட்டார் என்று நீ சொன்னது சரியில்லை. என்னளவுக்கே பயந்திருக்கிறார். அதை உன்னிடம் கொடுக்காமல் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு உனக்குக் கடை போர்டு எண்ணிக் காட்டியிருக்கிறார். எனக்குப் பயம் வந்தால் நேராக உன் மடியில் கொண்டுவந்து கொட்டுவேன். நீ அதையும் சுமந்துகொண்டு பாத்ரூம் தரையில் படுத்து ஊதியிருக்கிறாய்.

எண்ணை அழித்துவிட்டதால் தேஹு ரோட்டுக்கே போனேன். மாவ்ஷி வாசலில் மேத்தி, நம் வெந்தயக்கீரை, ஆய்ந்துகொண்டிருந்தார். மூன்று வருடம் கழித்து வந்தவளை "வா" என்றும் சொல்லவில்லை, "ஏன் வந்தே" என்றும் கேட்கவில்லை. "கவின் எவ்வளவு உசரம்?" என்றார். காட்டினேன். மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்து போன இந்தி வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. "வாட்சைப் பத்தித் தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டார். "தெரியும்." "என் மேலயும் தப்பு இருக்கு பேட்டா, உன்கிட்ட மறைச்சேன். பிள்ளை விளையாடாம உக்காந்திருந்தான், பாக்க முடியல. நான் எப்படியும் உக்காந்திருக்கிறவதானே." அப்புறம், "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?" என்றார்.

அன்றைக்குக் காலை அவர் ரயிலிலும் ஆட்டோவிலுமாக ஆஸ்பத்திரிக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பச்சை கவுனை நர்ஸ் என்னிடம்தான் நீட்டினாள். அதை வாங்கி அவருக்குப் போட்டுவிட்டேன், முதுகில் நாடாவைக் கட்டிவிட்டேன். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது, மறுபடி கட்டினேன். நீ தள்ளுப் படுக்கையிலிருந்து என் முகத்தைப் பார்த்தாய். நான் இந்தத் தடவை கவனித்தேன். "மேல எத்தனை லைட் இருக்குன்னு எண்ணிட்டு வந்து சொல்லு சாமி" என்றேன். எங்கிருந்து திருடிய வித்தை என்று உனக்குத் தெரியும். லேசாகச் சிரித்தாய். கதவு மூடிக்கொண்டது. என் பிள்ளை கண் மூடும்போது கடைசியாகப் பார்க்கிற முகம் என்னுடையதில்லை என்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தாங்கிக்கொண்டேன் என்று பெருமையாக எழுத முடியாது. நின்றேன், அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் மாவ்ஷி வெளியே வந்தார். "தூங்கிட்டான். பதினொண்ணு வரைக்கும் எண்ணினான்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் எப்போதும் போல, மேத்தி ஆய்கிற முகம். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, வளையலை ஒதுக்கி, விரல் வைத்து எண்ணினேன். மூன்று வருடமாக உன் கையில் பழகிய விரல், தப்பாது.

"என்ன பாக்குறே?"

"ஒண்ணுமில்ல மாவ்ஷி."

நூற்று இருபதைத் தாண்டியிருந்தது. அவர் தன் மற்ற கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அவருக்கு நாடி பிடித்து எண்ணத் தெரியாது. டாக்டர் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

வழி அகப்பட்டது, அடைத்துவிட்டோம், சோதித்துப் பார்த்ததில் மறுபடி ஓடவில்லை என்றார் டாக்டர். சிலருக்குத் திரும்ப வரலாம், அதனால் சோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதனால்தான் இந்த ஃபைலை உனக்கு வைத்திருக்கிறேன். மறுபடி எப்போதாவது உள்ளே ஓடினால், ஊதிப் பார். நிற்கவில்லை என்றால் பக்கத்தில் எங்கே இசிஜி இருக்கிறதோ அங்கே போ. மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் நேராக எமர்ஜென்சி. யாரோடு வேண்டுமானாலும் போ, அவர்கள் தங்களை உனக்கு என்ன உறவென்று எழுதினாலும் எழுதட்டும். அப்புறம் எனக்குச் சொல். முதலில் என்று கேட்கவில்லை, கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. சொன்னால் நான் அழ மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. முகத்தைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், கண்ணாடி முன்னால் நின்றுகூடப் பழகுகிறேன், உன் அப்பா பார்த்துச் சிரிக்கிறார்.

அந்தப் புதன்கிழமையின் கோட்டையும் அச்செடுத்து இசிஜி தாளோடு சேர்த்துப் பின் பண்ணியிருக்கிறேன். உன் புது டாக்டர் அதைப் பார்த்துக் குழம்புவார், இது உங்கள் துடிப்பு மாதிரி இல்லையே என்று கேட்பார். என்னுடையதில்லை என்று சொல். யாருடையது என்று கேட்டால், அந்தத் தாளின் மேல் மூலையில் எழுதியிருப்பதைக் காட்டு. அதை நான் அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

அம்மா